கடைத்தெருவைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். கிரீன்வில் என்ற ஊரை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மில்லுக்காரி எழுதியது:

வணக்கம். மலேசியாவின் ஜொகூரில் ரயில் பாதையை ஒட்டிய தோட்டப்புறப் பட்டணம் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாமே. எங்கள் கடை உரிமையாளரின் மகன் இங்கே எழுதுவதையெல்லாம் வந்து வாசிப்பவர், வீண் வம்பு எதற்கு.

ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில் அப்பா ஆரம்பித்த அரைவை மில்லை இப்போது நான் நடத்துகிறேன். மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி மாவு, சத்து மாவு எல்லாம் அரைப்போம். சுற்றுவட்டத்துத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு வருவார்கள். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் கடை முன் ஐந்தடி நடைபாதையில் ஆள் வரிசை நிற்காது, டின் வரிசைதான் நிற்கும். மைலோ டின், பிஸ்கட் டின், பெயிண்ட் வாளி, ஒவ்வொன்றுக்குள்ளும் பெயர் எழுதிய ஓர் அட்டைத் துண்டு. டின்னை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் டின்னை இன்னொருவர் முந்தினால்தான் சண்டை வரும்.

போன மாதம் உள்ளூர் மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். இரட்டைப் பாதை போட்டாயிற்று, இ.டி.எஸ். மின்சார ரயில் 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரைக்கும் வந்தாயிற்று, இனி இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஆள் வரும், அதனால் கடைத்தெருவைச் சீரமைக்க வேண்டும் என்றார்கள். சரி, நியாயம்தான். ஆலோசகர் ஒரு சின்னப் பையன், நன்றாகப் பேசினார். திரையில் ஒரு படம் போட்டார். ஊருக்கு நடுவில் அருவி, அதன் மேல் வளைந்த பாலம், சுற்றிலும் மரம். “இது கிரீன்வில். அமெரிக்காவின் தென் கரோலைனா. இதுவும் உங்கள் ஊர் மாதிரி பழைய தொழில் போய் விழுந்து, எழுந்த ஊர்தான்” என்றார்.

அடுத்த படம் எங்கள் தெரு, ஆனால் காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. செங்கல் பதித்த தரை, குடை விரித்த மேசைகள், காப்பி குடிக்கும் மனிதர்கள். என் கடை எங்கே என்று தேடினேன். தூணை வைத்து எண்ணிப் பார்த்தால், மில் இருக்கும் இடத்தில் ரொட்டிக் கடை வரைந்திருக்கிறார்கள். சுவரில் புல்லாங்குழல் ஊதும் பையன் ஓவியம் வேறு.

நான் எதிர்ப்பு கோஷ்டி இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் நாய்தான் நடக்கிறது. பாதிக் கடைகள் பூட்டு. இரண்டு மாடிகளில், சூப்புக்கு விற்கும் பறவைக் கூட்டுக்காகக் குருவிகளை இழுக்க, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், காது வலிக்கிறது. ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் மிளகாய் அரைக்கும்போது தெருவே தும்மும். பக்கத்தில் புதிதாக வந்த காப்பிக் கடைத் தம்பி இப்போதே, “அக்கா, மிளகாயை மட்டும் காலையிலேயே அரைத்துவிட முடியுமா?” என்று பவ்வியமாகக் கேட்கிறார். நாளைக்கு வரிசை முழுக்கக் காப்பிக் கடை ஆனால் பவ்வியம் இருக்குமா?

நான் கேட்பது இதுதான். கிரீன்வில் உண்மையிலேயே அப்படியா? அங்கே பழைய கடைக்காரர்கள் என்ன ஆனார்கள்? கருத்துப் படிவம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதில் உருப்படியாக என்ன எழுதலாம்? கடை வாடகைக்குத்தான் இருக்கிறோம். மாதாமாதம் ரசீது உண்டு. ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை, அப்பாவும் பெரிய முதலாளியும் வாய்ப்பேச்சில் முடித்தது.

பழைய ஈப்போ எழுதியது:

சகோதரி, அமெரிக்காவை அப்புறம் பார்ப்போம். முதலில் ஈப்போவைக் கேளுங்கள்.

1948-க்கு முன் கட்டிய கடைகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது, 1966-இல் வந்தது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது, ஆளைக் கிளப்பவும் முடியாது. அதை 1997-இல் ரத்து செய்தார்கள். கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி முதல் முழுக்கத் திறந்துவிட்டார்கள். பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் எங்கள் ஈப்போ பழைய டவுனிலும் அந்த வருடம் வாடகைச் சீட்டைப் பார்த்து மூச்சு நின்றவர்கள் நிறையப் பேர். எங்கள் சித்தப்பா நகை ஆசாரி. பட்டறை ஒரு மாடிப்படிக்குக் கீழே. பழைய வாடகைக்கே திண்டாடியவர், புது வாடகையைக் கேட்டதும் ஊதுகுழலைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் அந்தத் தெருக்கள் அழகானது. லோரோங் பங்லிமாவை இப்போது வாரக் கடைசியில் பார்த்தால் திருவிழாக் கூட்டம். ஐஸ் விற்கிறார்கள், பொம்மை விற்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கட்டடம் பிழைத்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டிக் கிடந்து கூரை விழுந்த கடைகளையும் பார்த்திருக்கிறேன். கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஓடு மாற்றக்கூட உரிமையாளருக்கு மனசு வரவில்லை, அவனுக்கு என்ன லாபம்?

ஆகவே படிவத்தில் மரம், விளக்கு, செங்கல் பற்றி எழுதி மையை வீணாக்காதீர்கள். வாடகை பற்றி எழுதுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் குமார் எழுதியது:

எல்லாத்துக்கும் பயந்தால் எப்படி? எங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் திறந்தபோதும் இதே பேச்சுத்தான். 2010-இல் லிட்டில் இந்தியா என்று வளைவும் நீரூற்றும் வைத்து மன்மோகன் சிங் வந்து திறந்தார். அப்போதும் இதே ஒப்பாரி. இன்றைக்கும் பூக்கடை இருக்கிறது, புடவைக் கடை இருக்கிறது, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கார் நிறுத்தத்தான் இடம் இல்லை, அது உண்மை. வெளியூரிலிருந்து வாங்க வந்தவர்கள் அதனாலேயே வேறு பக்கம் போய்விட்டார்கள் என்று கடைக்காரர்கள் இன்னும் புலம்புவார்கள்.

மிளகாய்த்தூள் இப்போது பாக்கெட்டில் வருகிறது அக்கா. கோபித்துக்கொள்ள வேண்டாம், மில்லை ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்கு மாற்றிவிட்டு, தெருவில் பாக்கெட் கடை மட்டும் வைத்தால் உங்களுக்கும் லாபம்தானே?

ரீடி ஆற்றங்கரை எழுதியது:

அக்கா, நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால் மரம் வெட்டினார். நான் டயர் சம்பந்தமான வேலையில் கிரீன்வில்லில் குடியிருக்கிறேன். ரப்பர் எங்கள் குடும்பத்தை விடுவதாயில்லை.

அந்தப் படம் பொய்யில்லை. ரீடி ஆறு ஊரின் நடுவில் பாறையில் விழுகிறது. மேலே இருப்பது லிபர்ட்டி பாலம், 2004-இல் திறந்தது. சனிக்கிழமை காலை மெயின் ஸ்ட்ரீட்டில் காய்கறிச் சந்தை கூடும். நடைபாதையில் அங்கங்கே சின்ன வெண்கல எலிப் பொம்மைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள், மொத்தம் ஒன்பது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒன்பதையும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வர மாட்டார்கள். வாழ நல்ல ஊர், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் விழாத சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் கார். உங்களுக்குக் காட்டியது காரில்லாத தெரு என்கிறீர்கள். கிரீன்வில் மெயின் ஸ்ட்ரீட்டில் இன்றைக்கும் கார் ஓடுகிறது! 1970-களின் கடைசியில் அங்கே செய்தது, நான்கு தடமாக இருந்த சாலையை இரண்டாகக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கி, மரம் நட்டு, சாய்வாகக் கார் நிறுத்த இடம் விட்டது. வடிவமைப்பு லாரன்ஸ் ஹால்ப்ரின் என்ற பெரிய நிலவடிவமைப்பாளர். பின்னாளில் தெருவுக்குப் பின்பக்கம் அடுக்குமாடி நிறுத்துமிடங்களும் வந்தன. வண்டி மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். கடை வாசலில் சாமான் இறக்க முடியும்.

தெருவை முழுக்க மூடிப் பார்த்த ஊரும் இங்கே உண்டு. பக்கத்து மாநிலமான வட கரோலைனாவின் தலைநகர் ராலேயில் பேயட்வில் ஸ்ட்ரீட்டை 1977-இல் நடைபயணிகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். கடைகளுக்கு ஆள் வரத்து செத்துப்போனது. கடைசியில் 2006-இல் மறுபடியும் காருக்குத் திறந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்க இப்படி மூடிய தெருக்களில் பெரும்பாலானவற்றைத் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. உங்கள் ஆலோசகர் கிரீன்வில் படத்தைக் காட்டி ராலே திட்டத்தை விற்கிறார் என்று எனக்குப் படுகிறது. கூட்டத்தில் இதைக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

அடுத்தது காலம். இதை ஆரம்பித்து வைத்த மேயர் மாக்ஸ் ஹெல்லர். வியன்னாவில் பிறந்த யூதர். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் தப்பித்து வந்து, இங்கே ஒரு சட்டைத் தொழிற்சாலையில் அடிமட்ட வேலையில் சேர்ந்து, பிறகு சொந்தமாகச் சட்டைக் கம்பெனி நடத்தியவர். 1971 முதல் 1979 வரை மேயர். தெருவோரம் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவது அவருக்கு வியன்னாப் பழக்கம். அவர் நட்ட மரம் அவர் காலத்தில் நிழல் தரவில்லை. ஹயாட் ஹோட்டல் 1982-இல் வந்தது. பீஸ் சென்டர் என்ற கலையரங்கம் 1990-இல். அருவிக்கு நேர் மேலே 1960-இல் நான்கு தடச் சாலைப் பாலம் ஒன்றைக் கட்டி அருவியையே மறைத்து வைத்திருந்தார்கள். அதை 2002-இல்தான் இடித்தார்கள். 1967-லிருந்தே ஒரு தோட்டக்கலைச் சங்கத்துப் பெண்கள் குப்பை மண்டிக் கிடந்த அந்த அருவிக்கரையைச் சுத்தம் செய்யப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஆக, உங்களுக்குக் காட்டிய அந்த ஒரு படத்துக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது. உங்கள் ஊருக்கு எத்தனை மாதத் திட்டம்?

மூன்றாவது வேலை. இந்த ஊர் ‘உலக ஜவுளித் தலைநகரம்’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்ட ஊர். மலிவு இறக்குமதி வந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் டயர் கம்பெனி மிஷலின் தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை இங்கே வைத்தது. பி.எம்.டபிள்யூ. பக்கத்தில் கிரீர் ஊர்ப் பக்கம் ஆலை கட்டுவதாக 1992-இல் அறிவித்து, 1994-இல் கார் வெளியே விட்டது. சம்பளம் வாங்கும் ஆட்கள் பக்கத்திலேயே இருந்ததால்தான் சாயங்காலம் அந்தத் தெருவில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைத்தது. அது மட்டும் இல்லை, உணவகப் பில்லில் 2 சதவீதம் நகரமே தனி வரியாக வாங்குகிறது. பூங்காவுக்கான பணத்தில் அதற்குப் பெரிய பங்கு. நம்ம உள்ளூர் மன்றங்களிடம் இருப்பது பெரும்பாலும் கதவு வரி எனும் கட்டட வரியும் மேலிருந்து வரும் மானியமும்தான். செங்கல் பெயர்ந்தால் யார் செலவு என்பதையும் கேட்டு வையுங்கள்.

பழைய கடைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டீர்கள். இதற்குத்தான் பதில் கொஞ்சம் சிக்கல். பெரிய கடைகளில் பல தெருவைப் புதுப்பிப்பதற்கு முன்பே போய்விட்டன. 1968-இல் மெக்அலிஸ்டர் ஸ்கொயர் என்று புறநகரில் ஒரு மால் வந்தது. நடுத்தெரு காலியாகத் தொடங்கிய பிறகுதான் இவர்கள் மரமே நட்டார்கள். காலித் தெருவில் யாரையும் துரத்த வேண்டிய அவசியமே வரவில்லை. உங்கள் தெருவில் பாதிக் கடையாவது திறந்திருக்கிறது. டின் வரிசை நிற்கிறது. அது கிரீன்வில்லுக்கு அப்போது இல்லாத சொத்து.

தெருவில் இல்லாவிட்டாலும் தெருவைச் சுற்றி ஆட்கள் போனார்கள். இங்கே ஒவ்வோர் ஆலையைச் சுற்றியும் ‘மில் கிராமம்’ உண்டு. பார்த்தால் அசல் நம்ம தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள்தான். கம்பெனி வீடு, கம்பெனி மளிகைக் கடை, கம்பெனி கட்டிக்கொடுத்த தேவாலயம், பந்து விளையாட மைதானம். மோனகன், பிராண்டன், வுட்சைடு, டூனியன் என்று பெயர்கள் இன்னும் நிற்கின்றன. ஒரே ஒரு விஷயத்தில் நம்ம கதையிலிருந்து வேறு. 1930-களிலிருந்து 50-கள் வரைக்கும் கம்பெனிகள் அந்த வீடுகளை விற்கத் தொடங்கின. வாங்கியவர்களில் பலர் அதில் குடியிருந்த தொழிலாளர்கள். அதனால் பிற்பாடு ஆலை மூடியபோது வேலை போனது, கூரை போகவில்லை. எங்கள் தோட்டம் கைமாறியபோது அப்பாவுக்கு இரண்டும் ஒரே கடிதத்தில் போனது.

அதிலும் ஒரு ஓரவஞ்சனை இருந்தது. அந்தக் கிராமங்கள் வெள்ளைத் தொழிலாளர்களுக்கு. வெள்ளையரும் கறுப்பரும் ஜவுளி ஆலையில் ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது என்று தென் கரோலைனா 1915-இல் சட்டமே போட்டது. கறுப்பினத்தவர் நடு ஊரை ஒட்டிய சதர்ன்சைடு போன்ற பகுதிகளில் இருந்தார்கள், பலர் வாடகைக்கு. ஊர் அழகாகி விலை ஏறியதும் முதலில் நகர வேண்டி வந்தது அவர்கள்தான். 1990-க்குப் பிறகு நகர மக்கள்தொகையில் அவர்கள் பங்கு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதே காலத்தில் நகரம் வளர்ந்து 2020 கணக்கெடுப்பில் 70,000-ஐத் தாண்டிவிட்டது. 2022-இல் அந்தப் பக்கம் யூனிட்டி பார்க் என்று பெரிய பூங்கா திறந்தார்கள். அதை ஒட்டிய நகராட்சி நிலத்தில் கொஞ்சத்தைக் குறைந்த வருமானக்காரர் வீடுகளுக்கு ஒதுக்கினார்கள். நல்ல காரியம்தான். லிபர்ட்டி பாலம் கட்டும்போதே செய்திருக்கலாம் என்று இங்கே நிறையப் பேர் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். வீட்டையோ கடையையோ கையில் வைத்திருந்தவருக்குக் கிரீன்வில் லாபம். வாடகைக்கு இருந்தவருக்கு அது வேறு ஊர்.

குமார் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. இங்கே நல்ல மிளகாய்த்தூளுக்கு ஆள் அலைகிறான். கண்ணெதிரே அரைத்துத் தரும் கடை ஒன்று இருந்தால் நடைபாதையில் வரிசை நிற்கும். நம்ம ஊரில் இருப்பதை எடுத்துவிட்டு ரொட்டிக் கடை வரைகிறார்கள்.

கிராணி மகன் எழுதியது:

நிலப் பணிமனையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். காகித விஷயம் மட்டும் சொல்கிறேன்.

அம்மா, முதலில் அந்தக் கூட்டம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம், அதாவது 172-ஆவது சட்டம், இரண்டு மூன்று வகைத் திட்டங்களைச் சொல்கிறது. ரஞ்சாங்கான் தெம்பாத்தான் என்பது உள்ளூர்த் திட்டம். ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் என்றால் ரஞ்சாங்கான் காவாசான் காஸ். உள்ளூர்த் திட்டத்தின் வரைவைக் குறைந்தது நான்கு வாரம் மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், நேரில் பேசவும் கேட்கலாம். இப்போது நீங்கள் பார்த்தது வெறும் ஆலோசகரின் படக்காட்சி என்றால் அதற்குச் சட்ட பலம் இல்லை. உங்கள் படிவத்துக்கும் அதே கதிதான். இது எந்தச் சட்டப் பிரிவின் கீழ் நடக்கும் கூட்டம் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

இரண்டாவது, வாய்ப்பேச்சு. மூன்று வருடத்துக்கு மேற்படாத வாடகை வாய்ச்சொல்லாக இருந்தாலும் நிலச் சட்டப்படி செல்லும், பயப்பட வேண்டாம். ஆனால் உரிமையாளர் கடையை விற்றுவிட்டால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்த வேண்டுமானால் அவர் பெயரில் மாறுவதற்கு முன்பே கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், உங்கள் வாடகையைக் குறிக்க வைக்க வேண்டும். அதற்கு 15சி பாரம் என்று ஒன்று உண்டு. நான் வேலையில் இருந்த காலத்தில் நம் ஆட்கள் யாரும் அதைக் கேட்டு வந்ததாக நினைவில்லை, வங்கிக்காரர்களும் பெரிய கம்பெனிகளும்தான் வருவார்கள். ஆகவே மூன்று வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், மேலும் நீட்டிக்கும் உரிமையையும் அதிலேயே எழுதுங்கள். முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சாட்சியாக ஏறாது.

மூன்றாவது, அரசாங்கமே நிலத்தை எடுத்தால் என்ன? 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தினார்கள். அதற்கு அப்புறம் பொருளாதார மேம்பாட்டுக்கு என்று சொல்லியும் எடுக்கலாம். இழப்பீட்டில் பாத்தியதை உள்ளவர் யார் யார் என்று அதில் விளக்கம் இருக்கிறது. உரிமையாளர் விருப்பத்தில் சும்மா இருந்துகொண்டிருப்பவர் அதில் வர மாட்டார். 2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த நகரப் புதுப்பித்தல் மசோதாவில் 80, 75, 51 சதவீதம் என்று எவ்வளவு சத்தம் போட்டார்கள்? அத்தனையும் உரிமையாளர் சம்மதம். வாடகைக்காரர் தலையை யாரும் எண்ணவில்லை.

இன்னொன்று. ஆற்றங்கரைத் தம்பி சொன்ன மில் வீட்டுக் கதை எனக்கு வேறொன்றை நினைவுபடுத்தியது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். துண்டாடல் என்றால் பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். அப்போதுதான் ம.இ.கா. கட்சித் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். பால் மரம் வெட்டியவன் காசில் தோட்டம் வாங்கியிருக்கிறோம். உங்கள் வரிசையில் எத்தனை கடைகள், எத்தனை உரிமையாளர்கள்? வாரிசுகள் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு விற்கத் தயாராக இருந்தால், நாலு பேர் சேர்ந்து ஒரு கடையையாவது வாங்க முடியுமா என்று பாருங்கள். ரயில் வந்துவிட்டது, இனி விலை இறங்காது.

மில்லுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அச்செடுத்துக் கல்லாப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

குமார் அண்ணே, கோபம் இல்லை. ஆனால் தொழிற்பேட்டை ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வயதான அம்மாக்கள். தோட்டத்திலிருந்து யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வந்து, கிளினிக், மார்க்கெட், மில் என்று ஒரே நடையில் முடித்துக்கொண்டு போகிறவர்கள். அவர்கள் லாலாங்குப் புல் காட்டைத் தாண்டித் தொழிற்பேட்டைக்கு எதற்கு வரப்போகிறார்கள்? அப்புறம், பாக்கெட் மிளகாய்த்தூளில் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

நேற்றுப் பக்கத்துக் காப்பிக் கடைத் தம்பியிடம் ராலே கதையைச் சொன்னேன். அவருக்கே தெருவை மூடுவதில் இஷ்டம் இல்லையாம். பால் லாரி எங்கே நிற்கும் என்கிறார். முடிதிருத்தும் கடை அண்ணன், சீன மருந்துக் கடை ஆன்ட்டி, சைக்கிள் கடைப் பாக்சிக், நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதம் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். ஆன்ட்டியின் மகள் மலாய் நன்றாக எழுதுவாள். தெருவை மூட வேண்டாம், குறுக்கினால் போதும் என்பது முதல் கோரிக்கை. காலை பத்து மணி வரைக்கும் சாமான் இறக்க வாசலில் இடம், மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம். பராமரிப்புச் செலவு யாருடையது என்ற கேள்வி. நான் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: அடுத்த கூட்டத்தில் காட்டும் படத்தில் இப்போது இருக்கும் கடைகளை அந்தந்தப் பெயரோடு வரைய வேண்டும். தூசிக்கு உறிஞ்சும் விசிறியும் பையும் வைத்த புது மெஷின் விலை விசாரித்திருக்கிறேன், அதற்கு மானியம் உண்டா என்றும் கேட்கிறோம். தெருவை அழகாக்கப் பணம் இருந்தால் தும்மலைக் குறைக்கவும் கொஞ்சம் இருக்கட்டுமே.

வாடகை ஒப்பந்தம்தான் இடிக்கிறது. பெரிய முதலாளி இறந்துவிட்டார். கிராண்டு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது என்று மகன் சொல்கிறார். இப்போது யாரிடம் கையெழுத்து வாங்குவது?

கிராணி மகன் எழுதியது:

அப்படியென்றால் முதலில் சொத்து நிர்வாகி யார் என்று பாருங்கள். உயில் இருந்தால் அதை நீதிமன்றம் உறுதி செய்யும் புரோபேட், இல்லாவிட்டால் நிர்வாகப் பத்திரம். அது கைக்கு வந்தவர் போடும் கையெழுத்துத்தான் செல்லும். மகன் என்பதற்காக அவர் மட்டும் போட்டால் போதாது, மற்ற வாரிசுகள் நாளைக்கு வந்து நிற்பார்கள். இன்னும் எதுவும் செய்யவில்லை என்றால் உங்களுக்கு ஒருவகையில் நல்லது, அது முடியும்வரை கடையை விற்கவும் முடியாது. நிலப் பணிமனையில் கட்டணம் கட்டி கிராண்டுத் தேடல் ஒன்று போடுங்கள். பெயர், வங்கி அடமானம், எல்லாம் அதிலேயே வந்துவிடும். வாடகை ரசீதுகளில் அப்பா காலத்தியது எது இருந்தாலும் எறியாதீர்கள். எலி கடித்ததாக இருந்தாலும் சரி.